இயல்பாக இருக்க வேண்டிய முக்கால் மணி நேரம்

என் மகள் குழல்வாய்மொழி பள்ளிக்கூடம் போவதில்லை. இங்கே ஒரே வரியில் எழுதிவிட்டேன். வாயால் சொல்ல ஒரு வருடமாக என்னால் முடியவில்லை.

ஆய்க்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் விழுந்துகொண்டிருந்த நேரம் பார்த்து என் சித்தப்பா, "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்கா?" என்று கேட்டார். "குற்றாலத்துல ஒண்ணு" என்றேன். பக்கத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த குழலி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆறு வயது. எனக்கு ரசம் இறங்கவில்லை.

என் பெயர் வல்லிநாயகம். தென்காசியில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மனைவி முத்துசெல்வி ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள்.

குழலி யுகேஜி படிக்கும்போது ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். மிஸ் அவளை ஸ்லோ என்று சொல்லிவிட்டாராம். கோபத்தில் மறுநாள் அனுப்பவில்லை. அதற்கு மறுநாள் மழை. அதற்கடுத்தது ஞாயிறு. இப்படிப் பத்து நாள் போன பிறகு கூட்டிக்கொண்டு போனால், ஏன் வரவில்லை என்று இங்கிலீஷில் லெட்டர் எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் இரண்டு தடவை பெயிலாகிப் போனவன். ஆபீஸ் அம்மாள் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நாலு பெற்றோர். "பேனா எழுதல, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஒரு லெட்டருக்கு வெட்கப்பட்டுத்தான் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டேன். கொள்கையெல்லாம் அப்புறம் வந்தது.

கொள்கை ஒரு மிக்ஸியோடு வந்தது. கிருஷ்ணபிரசாத் என்பவர் சென்னையில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தாத்தா ஊருக்கே திரும்பி, ஐந்தருவி போகும் வழியில் தோப்பு வாங்கியிருந்தார். கம்பு அரைத்து மோட்டார் கருகிப்போன வெளிநாட்டு மிக்ஸியை என் கடையில் இறக்கினார். குழலி அப்போது கடைத் தரையில் மிக்ஸி ஜார்களை வரிசையாக நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அவரிடம் பொய் வரவில்லை. "வீட்டுலதான் சார் இருக்கா" என்று தலையைக் குனிந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அன்ஸ்கூலிங்! பள்ளிக்கூடம் இல்லாத படிப்பு! ஒரு மெக்கானிக், யாரும் சொல்லாமலே இங்க வந்து சேர்ந்திருக்கார்" என்றார். எதற்காக நான் மாதக்கணக்காகச் சந்து சந்தாக ஒளிந்தேனோ, அதற்காக ஒரு மனிதர் என்னைத் தழுவியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. மோட்டார் காயில் மாற்றியதற்குக் கூலி வாங்காமல் விட்டேன்.

இப்படித்தான் நாங்கள் அவர் நடத்திய குற்றாலம் கட்டற்ற கற்றல் பேரவையில் சேர்ந்தோம்.

பேரவையில் பாடத்திட்டம் கிடையாது. பாடத்திட்டம் இல்லாமல் இருப்பதற்கான திட்டம் ஒன்று உண்டு, அறுபத்து நாலு பக்கம். மணி அடிப்பது கிடையாது. செயலாளர் ஸ்ரீலக்ஷ்மி நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை புல்லாங்குழலில் ஒரு ஊது ஊதுவார், அப்போது பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து தாமாகவே விலகி அடுத்ததை நாட வேண்டும். சீருடை கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் சாயம் போடாத கதர்ச் சட்டையைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குழலி முயல் படம் போட்ட மஞ்சள் கவுனில் போனாள். அவளுக்கு இன்னும் சுதந்திரம் பழகவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

பரீட்சை கிடையவே கிடையாது. மலர்ச்சிக் கண்ணோட்டம் மட்டும்தான். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பெயில் என்ற சொல்லே பேரவையில் இல்லை என்று கிருஷ்ணபிரசாத் பெருமையாகச் சொன்னார். அரும்பு வாங்கிய பிள்ளை மறு வருடமும் அரும்பாகவே இருக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

அவரை சார் என்று கூப்பிடக் கூடாது, கேபி என்றுதான் கூப்பிட வேண்டும், எல்லோரும் சமம். நான் பழக்கதோஷத்தில் மூன்று தடவை சார் என்றுவிட்டேன். மூன்றையும் ஒரு நோட்டில் ஏற்றி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

முதல் கூட்டத்தில் கேபி பேசினார். "நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கறதில்லை. சொல்லிக் கொடுக்காம இருக்கறது சாதாரண விஷயமில்லை, அதுக்குப் பயிற்சி வேணும். அந்தப் பயிற்சியை நான் மூணு கட்டமா சொல்லிக் கொடுக்கறேன். என் பையன் இங்க இல்லையேன்னு சிலர் கேக்கறாங்க. அவனுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தேன். அவன் பெங்களூர்ல ஒரு ஹாஸ்டல் ஸ்கூலைச் சுதந்திரமா தேர்ந்தெடுத்தான். நான் குறுக்கே நிக்கல. ஃபார்ம் மட்டும் நான் நிரப்பினேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தலைக்குப் பின்னால், சான்றிதழ்கள் மனிதனின் சங்கிலிகள் என்று சுவரில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவர் வாங்கிய பட்டங்கள் கண்ணாடி போட்டு வரிசையாகத் தொங்கின. எதையெல்லாம் துறந்தோம் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

முத்துசெல்விக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் வாரம் தவறாமல் போன் போட்டு, தங்கச்சி புருஷன் பிள்ளையை மிக்ஸிக்குள் போட்டு அரைத்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

"இங்கேருங்க. நீங்க செய்யுதது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. ஜூன் பத்துக்குள்ள ஒரு சீல் வச்ச பேப்பர் காட்டுங்க. இதுவும் படிப்புதான்னு நாலு பெரிய மனுசங்க எழுதித் தரட்டும். இல்லேன்னா நானே கூட்டிட்டுப் போய் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துருவேன். லெட்டரும் நானே எழுதிக்கிடுவேன்."

லெட்டர் விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தேன்.

பேரவையில் கேட்டேன். சான்றிதழ் தருவது கொள்கைக்கு விரோதம் என்றார் ஸ்ரீலக்ஷ்மி. ஆனால் மலர் நிலை அடைந்த குடும்பத்துக்கு, இவர்களுக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்களாம். சீல் உண்டா என்றேன். உண்டு, ஊதா கலர்.

அந்தச் சீலுக்காகத்தான் பின்னால் வந்த அசிங்கமெல்லாம்.

முதலில் அருவியில் சறுக்கினோம். மே மாதம் மூன்றாம் வாரம் இரண்டு நாள் மேலே நல்ல மழை. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டு ஊரே துண்டோடு கிளம்பியது. பேரவைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அருவியை உற்றுநோக்க. பாறையில் வட்டமாக உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே ஜனங்கள் தலையைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். குழலி மூன்று தடவை என் சட்டையை இழுத்து, "குளிக்கலாமாப்பா?" என்றாள். நான் ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தேன். பிள்ளை ஒரு நாளைக்குத் தானாகப் பதினொரு கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி, ஆனால் ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வி கணக்கில் சேராது என்று அவர் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் குழலி தண்ணீருக்குள் இருந்தாள். நனைந்த முயல் கவுனோடு வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள்.

அவளுக்கு அரும்பு போட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டில் இருந்தது. பேரவையில் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தேன். குழலி நாள் முழுக்க விளையாடும் விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம்.

காலையில் எழுந்து பல் துலக்கியதும் ஜார்களை வரிசையாக நிறுத்துவாள். ஒரு ஸ்கேல் கையில் எடுப்பாள். சட்னி ஜார், ஜூஸ் ஜார், மூடி இல்லாத ஜார் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பாள். "உள்ளேன் டீச்சர்" என்று அவளே ஒவ்வொரு குரலில் சொல்லிக்கொள்வாள். வாடிக்கையாளர் வந்து ஜாரை வாங்கிக்கொண்டு போனால், டிசி வாங்கிவிட்டான் என்று நோட்டில் அடிப்பாள். மூடி இல்லாத ஜார் ராயகிரியிலிருந்து வந்தது, யாரும் திரும்ப வந்து கேட்கவில்லை. அது மக்குப் பையன். ஆனால் அதை மட்டும் அவள் ஸ்கேலால் அடிக்க மாட்டாள், மடியில் வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும், பேரவைக்காரர் யாராவது வருகிறார்களா என்று வாசலையும் பார்த்துக்கொள்வேன். கட்டற்ற பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கட்டிய விளையாட்டு அது. பேரவைக்குத் தினமும் அனுப்பும் குறிப்பில், சமூக அமைப்புகளை ஆராய்கிறாள் என்று எழுதினேன்.

மே கடைசியில் பேரவையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இயல்பு நாள் பார்வையை முன்னிட்டு, வரும் சனிக்கிழமை காலை 10.00 மணி முதல் 10.45 மணி வரை தங்கள் வீடு இயல்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. முன்னேற்பாடுகள் தவிர்க்கப்பட வேண்டும். முன்னேற்பாடு எதுவும் செய்யவில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்கவும்.'

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு முன்னேற்பாடுகளைத் தொடங்கினேன். டிவி மேல் பழைய சேலையைப் போர்த்தினேன். ஸ்கேலையும் வருகை நோட்டையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு குழலியை உட்கார வைத்து, தானாகத் தோன்ற வேண்டிய கேள்விகளைச் சொல்லிக் கொடுத்தேன். இலை ஏன் பச்சையாக இருக்கிறது, நிலா ஏன் கூடவே வருகிறது, எறும்புக்கு யார் வழி சொன்னது. சரியாகச் சொன்னால் ஒரு ரம்புட்டான். பக்கத்துப் பழக்கடை பீர் மைதீன் அண்ணாச்சியிடம் அரைக் கிலோ வாங்கி வைத்திருந்தேன்.

வருகிறவர்கள் எதிர்க்கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டுபிடித்தேன். என் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் காதைத் தொட்டால், நானே யோசிச்சேன் என்று சொல்ல வேண்டும். மூக்கைத் தொட்டால், தெரியல, தேடிப் பாக்கணும் என்று சொல்ல வேண்டும். பேரவைக்கு மிகவும் பிடித்த பதில்கள் அவை இரண்டும்தான்.

குழலி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஸ்லோ என்று சொன்ன மிஸ் வந்து பார்த்திருக்க வேண்டும். நாலாவது ரம்புட்டானை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"கல்யாண வீட்டுல சொன்னியே, அது மாதிரியாப்பா?"

"எதுட்டி?"

"குற்றாலத்துல ஒண்ணுன்னு."

"அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பீர் மைதீன் அண்ணாச்சி தன் கடையிலிருந்து மூன்று நாளாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ வல்லி, புள்ளய ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டு நீ வச்சிருக்கது பெரிய டியூசனால்லா இருக்கு" என்றார். நான் கிரைண்டர் கல்லைத் துடைக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். கேபி, ஸ்ரீலக்ஷ்மி, பார்வைக்குழு உறுப்பினர் சந்தானகிருஷ்ணன். சந்தானகிருஷ்ணன் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடங்களை இன்ஸ்பெக்ஷன் செய்து ஓய்வு பெற்றவர். பழகிய கை சும்மா இருக்கவில்லை போலும், இப்போது பள்ளிக்கூடம் இல்லாத இடங்களை இன்ஸ்பெக்ஷன் செய்கிறார். மூன்று நாற்காலியைக் கடையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நாங்க இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க" என்றார் கேபி. ஸ்ரீலக்ஷ்மி போனில் டைமரைத் தட்டி, "இயல்பு ஆரம்பம்" என்றார்.

குழலி ஒரு வேப்பிலையோடு உள்ளே வந்தாள். நேற்றுப் பறித்தது, கொஞ்சம் வாடியிருந்தது. "அப்பா, எல ஏன் பச்சையா இருக்கு?" என்றாள். சந்தானகிருஷ்ணன் ஒரு டிக் போட்டார். இந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோன்றியது என்று கேபி விசாரித்தார். குழலி என்னைப் பார்த்தாள். எனக்குக் காதில் அரித்தது.

"நானே யோசிச்சேன்."

அப்படியானால் பதில் என்னவாக இருக்கும் என்றார். எனக்கு மூக்கில் அரித்தது.

"தெரியல. தேடிப் பாக்கணும்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தானகிருஷ்ணன் இதுவரை எந்தப் பள்ளியிலும் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்று எழுதினார். நிலாவும் எறும்பும் அதேபோல் ஓடின. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து. கேள்விகள் தீர்ந்துவிட்டன, இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இயல்பு பாக்கி இருந்தது.

குழலி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போனாள். வரும்போது கையில் ஸ்கேல் இருந்தது. அரிசி டிரம்மின் பின்பக்கம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எல்லாரும் கீழ உக்காருங்க" என்றாள்.

பிள்ளை விளையாடக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்பது பேரவையின் பதினாலாவது விதி. மூன்று பேரும் இறங்கி ஜார்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். கையைக் கட்டச் சொன்னாள், கட்டினார்கள். வாயில் விரல் வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். சட்னி ஜாரிலிருந்து ஆரம்பித்து வருகைப் பதிவு எடுத்தாள். தன் முறை வந்ததும் சந்தானகிருஷ்ணன் கணீரென்று "உள்ளேன் ஐயா" என்றார். "ஐயா இல்ல, டீச்சர்" என்று திருத்தினாள்.

"மிக்ஸி சுத்தலேன்னா மொதல்ல என்ன பாக்கணும்?"

சந்தானகிருஷ்ணன் கையைத் தூக்கி மோட்டார் என்றார். தப்பு. பிளேடு என்றார் ஸ்ரீலக்ஷ்மி. அதுவும் தப்பு. கேபி தொண்டையைச் செருமினார். "இதை நாம ஒரு முடிவான விடையா பார்க்காம, ஒரு பயணமா..."

"தெரியலேன்னா தெரியலன்னு சொல்லு. பேசிட்டே இருக்காத" என்றாள் குழலி. "சுவிச்ச போட்டிருக்கான்னு பாக்கணும்."

ஆளுக்கு ஒரு மார்க், புறங்கையில் சாக்பீஸால். சந்தானகிருஷ்ணனுக்கு இரண்டு. ஸ்ரீலக்ஷ்மிக்கு மூன்று. கேபிக்கு முட்டை.

கேபி தன் கையைப் பார்த்தார். பிறகு ஸ்ரீலக்ஷ்மியின் கையைப் பார்த்தார். நான் தவறான விடை எதுவும் சொல்லவில்லை, விடையைத் திறந்து வைத்தேன், அதற்கு முட்டை போடுவது எந்த வகை நியாயம் என்றார். தன் சர்வீஸில் தனக்கு யாரும் இரண்டு போட்டதில்லை என்று சந்தானகிருஷ்ணன் சொன்னார். ஸ்ரீலக்ஷ்மி மூன்று அழியாதபடி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கேபி தன்னை இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லி இரண்டு தடவை விண்ணப்பித்தார். தான் படிப்பில் எங்குமே முட்டை வாங்காதவர் என்றும், வேண்டுமானால் சுவரில் வந்து பார்க்கலாம் என்றும் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னார். டைமர் அடித்தது.

எழுந்து வேட்டியைத் தட்டியதும் கேபி மறுபடி கேபி ஆனார். முகம் இறுகிப் போயிருந்தது. "வல்லிநாயகம், குழந்தை ஸ்கூல் விளையாட்டு விளையாடுது. இது கவலைக்குரிய விஷயம்" என்றார். பிறகு குனிந்து குழலியிடம், "உண்மையைச் சொல்லு கண்ணா, உனக்கு ஸ்கூலுக்குப் போகணும்னு ஆசையா?" என்று கேட்டார்.

அதுவரைக்கும் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் யாரையும் பார்க்காமல் சட்டென்று வாயைத் திறந்தாள். பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் என் நினைவில் பிள்ளை இல்லை. ஊதாக் கலர் சீல் இருந்தது. என் கை மூக்குக்குப் போயிற்று.

அவள் வாயை மூடினாள். என்னைப் பார்த்தாள்.

"தெரியல. தேடிப் பாக்கணும்."

நாலு நாளில் பேப்பர் வந்தது. மலர் நிலை. பள்ளிக்கூடத்தையே விமர்சன நோக்கில் திரும்ப நடித்துக் காட்டிய அரிய குழந்தை என்று அடைமொழி. 'இக்குடும்பத்துக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை என இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.' சீல் வட்டமாக, தெளிவாக விழுந்திருந்தது. முத்துசெல்வி இரண்டு தடவை வாசித்தாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை. "சரி, பேப்பர் வந்துட்டு" என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பாராட்டுகிற மாதிரியும் இல்லை, திட்டுகிற மாதிரியும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜெயித்தவனுக்கு இவ்வளவு வெட்கம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கடையில் ஸ்க்ரூ கழற்றும்போதெல்லாம் பிள்ளை வாயைத் திறந்து மூடியதுதான் கண்ணுக்குள் வந்தது. என்ன சொல்ல வந்தாள்? ஆமாம் என்றா, இல்லை என்றா? எதுவாக இருந்தாலும் அதை நான் மூக்கைச் சொறிந்து உள்ளே தள்ளிவிட்டேன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை போனபோதுகூட நான் இப்படி மனிதர் முகத்தைப் பார்க்காமல் நடமாடவில்லை.

ஜூன் ஒன்பதாம் தேதி மத்தியானம் கடையில் ஆள் இல்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குழலி ராயகிரி ஜாரை மடியில் வைத்து அதற்கு 'அ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை விட்டு இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். பேரவைக் கணக்கில் சேராத கேள்விதான். கேட்டேன்.

"ஏட்டி குழலி. நெசமாச் சொல்லு. ஒனக்கு ஸ்கூலுக்குப் போணுமா?"

ஜாரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம், நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, ரகசியம் சொல்லுகிற குரலில் கிட்ட வந்து கேட்டாள்.

"காதாப்பா, மூக்காப்பா?"